அடையாறை எப்போது இணைக்கிறோம்? பிரசாரத்துக்கு நையாண்டியால் பதில் சொல்வது பற்றி ஒரு இழை

டிராம்ஷெட்:

2022 செப்டம்பர் கடைசி வாரம், உக்ரைனில் தான் பிடித்து வைத்திருந்த நான்கு மாகாணங்களில் ரஷ்யா ஒரு ‘வாக்கெடுப்பு’ நடத்தியது. ரஷ்யாவோடு சேரச் சம்மதமா என்பது கேள்வி. முடிவு இப்படி வந்தது: டொனெட்ஸ்க் 99.23 சதவீதம், லுஹான்ஸ்க் 98.42, ஸபோரிஷியா 93.11, கெர்சோன் 87.05. குண்டு விழுந்துகொண்டிருக்கும் ஊரில், பாதி ஜனம் ஓடிப்போன நிலையில், புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரைக்கும் எண்ணி முடித்துவிட்டார்கள். வாக்குப்பெட்டி வீடு தேடி வந்தது, கூடவே துப்பாக்கியும் வந்தது. செப்டம்பர் 30 அன்று மாஸ்கோவில் புதின் கையெழுத்துப் போட்டு விழாவும் எடுத்தாயிற்று.

வழக்கம்போலக் கண்டன அறிக்கைகள் வந்தன. யார் படித்தார்கள்? ஆனால் அதே வாரம் செக் நாட்டுக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். போலந்துக்கும் லிதுவேனியாவுக்கும் நடுவில் ரஷ்யாவுக்குச் சொந்தமான கலினின்கிராட் என்ற துண்டு நிலம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் வரை அது ஜெர்மனியின் கோனிக்ஸ்பெர்க். 1255-இல் அங்கே கோட்டை கட்டியபோது, சிலுவைப்போருக்கு வந்து கைகொடுத்த பொஹீமிய மன்னர் இரண்டாம் ஒட்டோகாரின் நினைவாக ‘ராஜா மலை’ என்று பெயர் வைத்தார்கள். பொஹீமியா இன்றைக்குச் செக் நாடு. போதாதா! போலந்துக்காரர் ஒருவர் ட்விட்டரில் திரி கொளுத்தினார், செக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ‘அது எங்கள் ராஜா ஊர், பெயர் க்ராலோவெட்ஸ். வாக்கெடுப்பு முடிந்தது, 97.9 சதவீதம் பேர் செக் நாட்டோடு சேர ஆமாம் என்றுவிட்டார்கள்.’

செக் நாட்டுக்குக் கடலே கிடையாது. அதனால் முதல் சந்தோஷமே கடல்தான். கடல் வந்ததும் கப்பல் படை வேண்டுமே, மறைந்த பாடகர் காரெல் காட் பெயரில் ஒரு விமானம் தாங்கிக் கப்பல் மிதந்தது, படத்தில்தான். நார்ட் ஸ்ட்ரீம் எரிவாயுக் குழாய் வெடித்ததும் அதே வாரம். எனவே ப்ராகிலிருந்து க்ராலோவெட்ஸுக்குப் பீர் குழாய் போடும் திட்டம் அறிவிக்கப்பட்டது.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், ஒருவர்கூட ‘ரஷ்யா சொல்வது பொய்’ என்று எழுதவில்லை. அதே வரலாற்று உரிமை, அதே சதவீதம், அதே வரைபடம். சட்டையை அப்படியே எடுத்துத் தாங்கள் போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். பொய்யை மறுக்க உட்கார்ந்தால் அவன் போட்ட கணக்கை நாம் சரிபார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். 99.23-ஆ, 60-ஆ என்று பேச ஆரம்பித்தாலே, அங்கே வாக்கெடுப்பு என்று ஒன்று நடந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது. நையாண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.

இந்த மாதிரி வேறு உதாரணங்கள் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சர்ச்சைக்குரிய நிலம், அதன்மேல் பிரசாரம், அதற்குக் கிண்டலாக ஒரு பதில். உள்ளூர் அரசியல் வேண்டாம், இழை நாறிப்போகும்.

மிண்ட் தபால்தலை:

பழைய மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்னால் (1985) அங்கே தபால்தலை பொறுக்கித் திரிந்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன். நிலத்தகராறில் தபால்தலையை விட மலிவான பீரங்கி கிடையாது. 1937-இல் நிகராகுவா ஒரு விமானத் தபால்தலை வெளியிட்டது. அதில் இருந்த வரைபடத்தில், ஹோண்டுராஸ் தன்னுடையது என்று சொல்லும் நிலத்தின் மேல் ‘தகராறில் உள்ள பகுதி’ என்று அச்சடித்துவிட்டார்கள். ஹோண்டுராஸில் ஜனம் கொதித்தது, இரண்டு நாடும் மோதலின் விளிம்புக்கே போயின. பொலிவியாவும் பராகுவாயும் சாக்கோ என்ற வறண்ட சமவெளிக்காக முட்டிக்கொண்ட காலத்தில், பராகுவாய் தன் தபால்தலையில் சாக்கோவைப் போட்டு ‘இருந்தது, இருக்கிறது, இருக்கும்’ என்று எழுதியது. ஸ்டாம்பில் போய் யாராவது மூன்று காலமும் பேசுவார்களா?

கிண்டல் ரகத்துக்கு வருகிறேன். 2022 ஏப்ரல் 12 அன்று உக்ரைன் தபால்துறை ஒரு தபால்தலை வெளியிட்டது. உக்ரைனின் பாம்புத் தீவுக் காவலர்களைச் சரணடையச் சொன்ன ரஷ்யப் போர்க்கப்பலுக்கு அவர்கள் கெட்ட வார்த்தையில் பதில் சொன்னார்களே, அந்தக் காட்சிதான். கரையில் ஒரு சிப்பாய் கப்பலைப் பார்த்து நடுவிரலைக் காட்டி நிற்கிறான். இரண்டாவது நாள், ஏப்ரல் 14, அந்தக் கப்பல், ‘மாஸ்க்வா’, நிஜமாகவே மூழ்கிப்போனது. அப்புறம் கீவ் பெரிய தபால் நிலையத்தில் வரிசை எவ்வளவு நீளம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏழுகிணறு டீச்சர்:

டிராம்ஷெட் தம்பி, நல்ல இழை. ஆனால் ‘மறுக்க உட்காராதே’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2014 மார்ச்சில் கீவ்-மொஹிலா இதழியல் பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும் ‘ஸ்டாப்ஃபேக்’ என்று ஒன்று தொடங்கினார்கள். ஒவ்வொரு பொய்யாக எடுத்து, இந்தப் படம் அங்கே எடுத்ததில்லை, இந்த ஆள் அந்த ஆள் இல்லை என்று காட்டுகிற வேலை. சிரிப்பே வராத வேலை. அவர்கள் சலித்துப் போட்ட பிறகுதான் மற்றவர்களுக்குக் கிண்டல் செய்யக் கையில் சரக்கு கிடைத்தது.

அதே 2014 ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு. கிழக்கு உக்ரைனில் ஸ்லோவியன்ஸ்க் பக்கத்தில் ஒரு சோதனைச் சாவடியில் துப்பாக்கிச் சூடு. கார்கள் எரிந்து கரிக்கட்டையாகக் கிடந்தன. ரஷ்யத் தொலைக்காட்சி ஒன்று அந்த இடத்தில் கிடைத்த ஆதாரம் என்று ஒரு பொருளைக் காட்டியது: உக்ரைன் வலதுசாரித் தலைவர் யாரோஷின் விசிட்டிங் கார்டு. முனை மடங்கவில்லை, கரி படவில்லை. கார் எரிந்துவிட்டது, கார்டு மட்டும் அச்சகத்திலிருந்து வந்த மாதிரி இருக்கிறது. அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் கார்டு உலகம் முழுக்கக் கிடைக்க ஆரம்பித்துவிட்டது. நிலாவில், டைட்டானிக்கில், பழைய ஓவியங்களில், அவரவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில்.

கதை அதோடு முடியவில்லை. மே 25 உக்ரைன் அதிபர் தேர்தல். அன்று இரவு ரஷ்யாவின் முதல் அலைவரிசை, அதே யாரோஷ் 37 சதவீதத்தோடு முன்னிலை என்று ஒரு படத்தைக் காட்டியது. எண்ணி முடித்தபோது அவர் வாங்கியது 0.7 சதவீதம். இதற்கு நையாண்டி எழுதத் தேவையே இல்லை. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். அப்படிப் பார்த்தால் சரிபார்ப்பதும் ஒரு நையாண்டிதான் தம்பி.

கேரம்போர்டு:

டீச்சர் சொன்னதைப் படித்ததும் ஞாபகம் வந்தது. 2022 ஏப்ரலில் ரஷ்ய உளவுத்துறை ஒரு கொலைச் சதியை முறியடித்ததாக வீடியோ வெளியிட்டது. பறிமுதல் செய்த பொருள்களுக்கு நடுவே ‘தி சிம்ஸ் 3’ கம்ப்யூட்டர் விளையாட்டு மூன்று பெட்டி! மூன்று சிம் கார்டு வாங்கி வா என்று மேலதிகாரி சொன்னதை எவனோ தப்பாகப் புரிந்துகொண்டான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. ஒரு புத்தகத்தில் கையெழுத்து போட வேண்டிய இடத்தில் ‘கையொப்பம் தெளிவாக இல்லை’ என்றே எழுதியிருந்தது. சொன்னதை அப்படியே செய்யும் ஊழியர்கள்.

பேசின்பிரிட்ஜ்:

எல்லோரும் சிரித்தாயிற்றா? சரி, நான் கொஞ்சம் கெடுக்கிறேன்.

ப்ராகில் உட்கார்ந்து க்ராலோவெட்ஸ் ஜோக் அடித்தவனுக்கு என்ன ஆபத்து? ஒன்றுமில்லை. பீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினான். 2014-இல் ரஷ்யா தன்னோடு சேர்த்துக்கொண்ட உக்ரைன் தீபகற்பம் கிரிமியாவுக்கு வாருங்கள். 2022 செப்டம்பரில் பாக்சிசராய் ஊரில் ஒரு கல்யாணம். அங்கே ஒரு பழைய உக்ரேனிய தேசபக்திப் பாட்டு ஒலித்தது, ஜனம் ஆடியது. வீடியோ வெளியே போயிற்று. பாட்டுப் போட்டவர், உணவகம் வைத்திருந்தவர் என்று சிலருக்குச் சிறை, சில நாள்தான், ஆனாலும் சிறை. அடுத்த மாதம் அதே பாட்டைப் பால்கனியில் நின்று பாடிய ‘மிஸ் கிரிமியா’ பட்டம் வென்ற பெண்ணுக்கு 40,000 ரூபிள் அபராதம், உடன் பாடிய தோழிக்குப் பத்து நாள் உள்ளே. கிண்டல்கூட இல்லை, வெறும் பாட்டு. ராணுவத்தை ‘இழிவுபடுத்தினால்’ தண்டனை என்று 2022 மார்ச்சில் கொண்டுவந்த சட்டம் அப்படி.

ஆக்கிரமிப்புக்குள்ளே இருப்பவன் செய்யும் கிண்டலுக்குச் சத்தம் வராது. கெர்சோனில் 2022 வசந்த காலத்தில் தொடங்கிய ‘மஞ்சள் நாடா’ இயக்கத்தைப் பாருங்கள். மின்கம்பத்தில் ஒரு நாடா. ரஷ்ய மொழியில் இல்லாத ‘ї’ என்ற உக்ரேனிய எழுத்து ஒன்று சுவரில். இவ்வளவுதான். மேலே இரண்டு புள்ளி வைத்த ஒரு சின்னக் கோடு. காலையில் காவலுக்கு வருகிற சிப்பாய் அதைப் பார்க்கிறான். ராத்திரி யாரோ இங்கே வந்து நிதானமாக நின்று, இரண்டாவது புள்ளியையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிகிறது. அந்தப் பயம்தான் அங்கே நகைச்சுவை. நமக்குச் சிரிப்பு வராது, அது நமக்காக எழுதியதும் இல்லை.

தூரத்தில் இருந்து அடிக்கிற ஜோக்கையும் இதையும் ஒரே இழையில் ‘கலை’ என்று போடுவது எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது.

லேத்து பட்டறை:

பேசின் அண்ணே, உங்களுக்கு ஏற்ற உதாரணம் என்னிடம் இருக்கிறது. நம் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் எப்போதோ படித்து மனதில் நின்றுவிட்டது.

தைவான் கையில் இருக்கும் கின்மென் தீவு சீனக் கரையிலிருந்து கூப்பிடு தூரம். 1958 ஆகஸ்ட் 23-ஆம் தேதி சீனா குண்டுமழை ஆரம்பித்தது. 44 நாளில் ஏறக்குறைய 4,70,000 குண்டு. அப்புறம் ஒரு விசித்திரமான ஏற்பாடு: ஒரு நாள் விட்டு ஒரு நாள் சுடுவது. 1979 ஜனவரி 1, அமெரிக்கா சீனாவோடு தூதரக உறவு வைத்த நாள் வரைக்கும் இது நடந்தது. பிந்தைய வருஷங்களில் வந்ததெல்லாம் பெரும்பாலும் பிரசாரக் குண்டு. உள்ளே வெடிமருந்துக்குப் பதில் துண்டறிக்கை. வானத்தில் கூடு திறந்து காகிதம் பறக்கும், இரும்பு கீழே விழும். காகிதத்தில் தாய்நாட்டுப் பாசம், இரும்பு கூரையைப் பிளக்கும்.

அந்த ஊர்க் கொல்லர்கள் என்ன செய்தார்கள்? காகிதத்தைப் படித்தார்களோ என்னவோ, இரும்பைப் பொறுக்கினார்கள். குண்டுக்கூடு நல்ல எஃகு. நாம் சந்தையில் வாங்கும் பழைய ஸ்பிரிங் பட்டையைவிடத் தரமானது. வெட்டி, உலையில் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்த்து, சமையலறைக் கத்தி செய்தார்கள். ஒரு குண்டுக்கு அறுபது கத்தி வரை தேறும் என்று அந்தப் பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். தீவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் முன்னாலேயே கூட்டை அறுத்து அடித்துக் கொடுக்கிறார்கள். வாங்குகிறவர்களில் சீனாவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகளும் உண்டு. அவர்கள் அரசு அனுப்பிய இரும்பைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கிப் போகிறார்கள்!

ஒரு வார்த்தை பேசாமல் அடித்த நையாண்டி இது. உள்ளே இருந்தவர்கள், குண்டு தலையில் விழுந்தவர்கள் அடித்தது. சிரிப்பு, பிழைப்பு இரண்டும் ஆயிற்று.

மிண்ட் தபால்தலை:

லேத்து தம்பி, தைவானும் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்லிவிடுங்கள். அதே கின்மென்னில் 1967-இல் பெய்ஷான் என்ற இடத்தில் 48 ஒலிபெருக்கி பதித்த ஒரு கான்கிரீட் சுவர் கட்டினார்கள். கடல் தாண்டிச் சீனாவுக்குக் கேட்கும். பாடகி தெரசா டெங்கின் குரலும் அதில் போயிருக்கிறது. இன்றைக்கும் பார்க்கப் போகிறவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். கடலுக்கு இந்தப் பக்கம், தைவான் கரையில், ‘மூன்று மக்கள் கொள்கையால் சீனாவை ஒன்றாக்குவோம்’ என்று மலையளவு எழுத்து, அந்தப் பக்கம், சீனக் கரையில், ‘ஒரு நாடு இரு அமைப்பால் சீனாவை ஒன்றாக்குவோம்’ என்று மலையளவு எழுத்து. நடுவில் மீன்.

காசிமேடு விசைப்படகு:

தடைக்காலம் என்பதால் கரையில் சும்மா உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். கடல் எல்லை என்றதும் இங்கே யாராவது கச்சத்தீவை இழுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், இன்னும் வரவில்லை. நானே சொல்கிறேன்: இழுக்காதீர்கள். 285 ஏக்கர், 1974 ஒப்பந்தம் எல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம். எங்கள் படகு அந்தப் பக்கம் போவதே இல்லை, அது ராமேஸ்வரத்து ஆட்களின் வயிற்றுப் பிரச்சினை. தேர்தல் வந்தால் மட்டும் மேடையில் மீட்கிறவர்களைப் பற்றி நான் எழுதினால் நெறியாளர் என்னை மீட்க வரமாட்டார்.

கேள்வி ஒன்றுதான். கிண்டல் அடித்து யாருக்காவது ஒரு சாண் நிலம் திரும்பக் கிடைத்திருக்கிறதா?

டிராம்ஷெட்:

கிடைக்காது அண்ணே. கிடைக்கும் என்று செக்காரனும் நினைக்கவில்லை. ஆனால் கிண்டல் யாரைப் பார்த்து அடிக்கிறோம் என்பது முக்கியம். புதினைத் திருத்த அல்ல. ‘இரண்டு பக்கமும் ஏதோ சொல்கிறார்கள், நமக்கென்ன’ என்று ஒதுங்கி நிற்கிறானே மூன்றாமவன், அவனுக்கு. வாக்கெடுப்பு முடிந்த இரண்டாவது வாரம், அக்டோபர் 12 அன்று ஐ.நா. பொதுச்சபையில் அந்த இணைப்பு செல்லாது என்று 143 நாடுகள் வாக்களித்தன. எதிர்த்தவை 5. ஒதுங்கி நின்றவை 35, அதில் இந்தியாவும் ஒன்று. ஜோக்கால்தான் 143 வந்தது என்று சொல்லவில்லை. ஆனால் ‘வாக்கெடுப்பு’ என்ற அந்தச் சடங்கை யாரும் மரியாதையாகப் பேச முடியாத நிலை வந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

கெர்சோன் கதை தெரியும்தானே? 87.05 சதவீதம் ஆமாம் என்ற ஊர். ‘ரஷ்யா இங்கே என்றென்றும்’ என்று சாலையோரம் பெரிய பெரிய பலகை. நவம்பர் 11-ஆம் தேதி ரஷ்யப் படை ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது, ஜனம் தெருவுக்கு வந்து உக்ரைன் சிப்பாய்களைக் கட்டிப்பிடித்தது, அந்தப் பலகைகளைக் கிழித்தது. போகும்போது ரஷ்யர்கள் மிருகக்காட்சிச் சாலையிலிருந்து ஒரு ரக்கூனையும் தூக்கிக்கொண்டு போனார்கள். என்றென்றும் இருக்க வந்தவர்கள் கையில் கடைசியில் மிஞ்சியது ரக்கூன் என்று உக்ரைன்காரர்கள் மாதக்கணக்கில் படம் போட்டார்கள்.

பேசின்பிரிட்ஜ்:

சிரிப்பு உங்கள் பக்கத்துக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்க வேண்டாம் தம்பி. அந்தப் பக்கமும் சிரிக்கத் தெரிந்தவர்கள்தான்.

2014-இல் கிரிமியாவில் அடையாளப் பட்டை இல்லாத பச்சைச் சீருடை ஆட்கள் இறங்கினார்கள். உலகம் ‘பச்சைக் குட்டி மனிதர்கள்’ என்று கிண்டல் செய்தது. ரஷ்யா என்ன செய்தது? ‘மரியாதையான மனிதர்கள்’ என்று பெயர் மாற்றி டி-சட்டை அடித்து விற்றது. 2016-இல் சிம்ஃபெரோபோலில் சிலையே வைத்துவிட்டார்கள். சிப்பாய்க்கு ஒரு சிறுமி பூங்கொத்து நீட்டுகிறாள், காலடியில் ஒரு பூனை. பூனை! அதே 2014-இல் கிரிமியாவின் புதிய தலைமை வழக்கறிஞரான நடாலியா போக்லோன்ஸ்கயா அழகாக இருக்கிறார் என்று ஜப்பானிய அனிமே பாணியில் இணையம் முழுக்க வரைந்து தள்ளினார்கள். விளையாட்டுதான். இரண்டு வருஷம் கழித்து, கிரிமியாவின் பூர்வகுடிகளான தாதார்களின் பிரதிநிதி மன்றமான மெஜ்லிஸைத் தடை செய்ய நீதிமன்றம் போனவர் அதே போக்லோன்ஸ்கயா. தடையும் வந்தது. அந்தப் படங்களை வரைந்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

ஏழுகிணறு டீச்சர்:

இது சரியான அடி. ரஷ்யாவோடு சேருவது பற்றி 2014-இல் கிரிமியாவில் நடத்திய வாக்கெடுப்புக்கு முன் வைத்த ஒரு விளம்பரப் பலகையை நான் வகுப்பிலேயே பேசியிருக்கிறேன். ‘மார்ச் 16 நாம் தேர்ந்தெடுக்கிறோம்’ என்று தலைப்பு. இரண்டு கிரிமியா வரைபடம். ஒன்றில் முள்கம்பியும் ஸ்வஸ்திகாவும், மற்றதில் ரஷ்யக் கொடி. அதைவிட, வாக்குச்சீட்டில் இருந்த இரண்டு கேள்வியிலும் ‘இப்போது இருப்பது போலவே இருக்கட்டும்’ என்பதற்கு இடமே இல்லை. 96.77 சதவீதம் வந்ததில் என்ன ஆச்சரியம்? என் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: ‘மிஸ், பரோட்டாவா சப்பாத்தியா, பட்டினின்னா சொல்லக் கூடாதா?’

கேரம்போர்டு:

எங்கள் தெரு முனையில் ஒரு காம்பவுண்டுச் சுவர். தேர்தலுக்கு எட்டு மாதம் முன்னாலேயே ஒரு கட்சி அதற்குச் சுண்ணாம்பு அடித்து, மூலையில் கட்சி எழுத்து, ஆண்டு, இரண்டு பக்கமும் அம்புக்குறி, ‘முன்பதிவு’. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், எழுபது தாண்டியவர். சண்டைக்குப் போகவில்லை. கரித்துண்டு எடுத்து, நல்ல கையெழுத்தில் கீழே எழுதினார்: ‘சுவர் உங்களுடையது என்று தெரிந்து மகிழ்ச்சி. பின்பக்கம் விரிசல் விட்டிருக்கிறது. கொத்தனார் செவ்வாய்க்கிழமை வருகிறார், கூலி கொடுத்துவிடவும்.’ திங்கள் இரவே யாரோ வந்து எல்லாவற்றின் மேலும் வெள்ளை அடித்துவிட்டுப் போனார்கள்.

காசிமேடு விசைப்படகு:

அப்படியானால் ஒரு சாண் நிலம் திரும்பக் கிடைத்திருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

டிராம்ஷெட்:

சும்மா பேசிக்கொண்டே இருந்தால் எப்படி? நாமே ஒன்று செய்து பார்ப்போம். பொய்யை மறுக்கக் கூடாது, வடிவத்தை மட்டும் எடுக்க வேண்டும். இதோ:

*வட சென்னை இடைக்கால நிர்வாகத்தின் அறிவிப்பு*

*தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. அப்போது அடையாறில் ஸ்டேஷன் இருந்ததா? இல்லை. ஆகவே அடையாறு வரலாற்று ரீதியாக ராயபுரத்தின் பிரிக்க முடியாத அங்கம்.*

*பெரம்பூரிலும் கொருக்குப்பேட்டையிலும் பிறந்து, கல்யாணம் முடிந்து அடையாறில் குடியேறிய நம் உறவுகள் அங்கே அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கிடைக்காமல் சொல்லொணாத் துயரம் அடைகின்றனர். அவர்களைப் பாதுகாக்கும் பொறுப்பிலிருந்து நாம் விலக முடியாது.*

*அண்ணா சாலையில் நம்பர் பிளேட் இல்லாத மீன்பாடி வண்டிகள் சில தென்பட்டதாக வரும் செய்திகளுக்கும் நிர்வாகத்துக்கும் தொடர்பு இல்லை. அவை எந்தக் கடையிலும் கிடைக்கும். ஓட்டியவர்கள் உள்ளூர் தற்காப்புக் குழுவினர்.*

*வாக்கெடுப்பில் கேள்விகள் இரண்டு: அடையாறு இன்றே சேர வேண்டுமா? அல்லது நேற்றே சேர்ந்திருக்க வேண்டுமா? 99.23 சதவீதம் பேர் ‘ஆமாம்’. மீதி 0.77 சதவீதம் பேர் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டனர்.*

மிண்ட் தபால்தலை:

மீன்பாடி வண்டி வரியில் டீ மூக்கில் ஏறிவிட்டது. தெரியாதவர்களுக்கு: 2014 மார்ச் 4 அன்று பத்திரிகையாளர்கள் கிரிமியாவின் அந்தப் பச்சைச் சீருடை பற்றிக் கேட்டபோது, கடைக்குப் போனால் எந்தச் சீருடையும் வாங்கலாம், அவர்கள் உள்ளூர் தற்காப்புக் குழு என்றுதான் புதின் சொன்னார். அடுத்த மாதமே ‘எங்கள் ராணுவத்தினரும் பின்னால் நின்றார்கள்’ என்று அவரே ஒப்புக்கொண்டார்.

நினைவுத் தபால்தலைக்கு நான் பொறுப்பு. அத்தோ படம்தான்.

அடையாறு அகதி:

பிறந்தது பெரம்பூர், இருப்பது அடையாறு. நான் ஓட்டே போடவில்லை. நான் ஓட்டுப் போட்டுவிட்டதாக இங்கேதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மற்றபடி அத்தோ விஷயத்தில் சொல்லியிருப்பது முழுக்க உண்மை. பீச் ஸ்டேஷன் எதிரே போய்த்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது.

பேசின்பிரிட்ஜ்:

நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கவனித்தீர்களா, இது ஏன் சுலபமாக வந்தது? அடையாறில் யாரும் நம்மைப் பார்த்துத் துப்பாக்கி நீட்டவில்லை. இதே வடிவத்தில், நம் நாட்டின் நிஜமான எல்லைத் தகராறு ஒன்றை எடுத்து, வரைபடத்தோடு, இங்கே போடுங்கள் பார்க்கலாம்.

ஆஃப்செட்:

போட மாட்டார்கள். நான் அச்சகம் வைத்திருப்பவன், அதனால் சட்டம் தெரியும். 1961-ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டப்படி, சர்வே ஆஃப் இந்தியா வெளியிட்ட வரைபடத்துக்கு மாறாக இந்தியாவின் படத்தை அச்சிட்டால் ஆறு மாதம் வரை சிறை. ‘சார், ஜோக்கு’ என்றால் விட்டுவிடுவார்கள் என்று அதில் ஒரு வரியும் இல்லை. 2011 மே மாதம் ‘எக்கனாமிஸ்ட்’ பத்திரிகை காஷ்மீரை மூன்று நாடுகளின் பிடியில் இருப்பதாகக் காட்டும் படம் போட்டது. இந்தியாவுக்கு வந்த 28,000 பிரதியிலும் அந்தப் படத்தின் மேல் கையால் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டித்தான் விற்றார்கள். 28,000 ஸ்டிக்கர்! ஒட்டிய ஆட்களுக்குக் கூலி யார் கொடுத்தார்களோ.

பழைய நூலகங்களில் வெளிநாட்டுக் கலைக்களஞ்சியத்தைப் புரட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆசியா பக்கத்தில் ஊதா மையில் முத்திரை: இந்தியாவின் எல்லைகள் இதில் காட்டியபடி சரியானவையும் அல்ல, அதிகாரபூர்வமானவையும் அல்ல. ஒருமுறை நான் பார்த்த பிரதியில் சிப்பந்தி அவசரத்தில் முத்திரையை ஆஸ்திரேலியா மேல் குத்தியிருந்தார்.

அதனால் எங்கள் அச்சகத்தில் இந்திய வரைபடம் வந்தால் நாலு கண்ணால் பார்ப்போம். டிராம்ஷெட்டின் வாக்குச்சீட்டு வேறு. அதில் இந்திய எல்லை எதுவும் இல்லை, அடிக்கலாம்.

பேசின்பிரிட்ஜ்:

இதைத்தான் சொன்னேன். செக்காரன் சிரித்தது பெருமைதான். அவனைச் சிரிக்க விட்டது அவன் நாட்டுச் சட்டம். மஞ்சள் நாடா கட்டியவனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. நமக்குப் பாதி சௌகரியம் இருக்கிறது.

லேத்து பட்டறை:

பேசின் அண்ணே, பாதி சௌகரியத்தில் பாதி வேலை செய்வோம்.

டிராம்ஷெட்:

ஆஃப்செட் அண்ணே, வாக்குச்சீட்டு ஆயிரம் காப்பி என்ன ஆகும்? வர்ற ஞாயிற்றுக்கிழமை நம் படிப்பகத்தில் கேரம் போட்டி, வருகிறவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு எண்ணம்.

ஆஃப்செட்:

ஒற்றை நிறமா, கலரா? கலர் என்றால் மீன்பாடி வண்டிப் படம் நல்ல ரெசல்யூஷனில் அனுப்புங்கள், வாட்ஸப்பில் வந்ததை அனுப்பாதீர்கள். ‘ஆமாம்’, ‘இல்லை’ இரண்டு கட்டமும் வேண்டுமா?

டிராம்ஷெட்:

‘ஆமாம்’ மட்டும் போதும். இரண்டு கட்டம்.